ஆட்டுக்கும் கோழிக்கும் ஒரே கொட்டகை போதுமா?

கேள்வி இதுதான்: கொஞ்சம் நிலம் இருக்கிறது. மூன்று வெள்ளாடும் பன்னிரண்டு கோழியும் வளர்க்க ஆசை. 12 அடிக்கு 16 அடி அளவில் ஒரு கொட்டகை கட்டத்தான் கையில் பணம் இருக்கிறது. இரண்டையும் அதற்குள் ஒன்றாக விட்டுவிடலாமா? ஒன்றின் நோய் மற்றொன்றுக்கு வருமா? ஆடு கோழியை மிதித்துவிடுமா?

ஒரே கூரை போதும், ஆனால் ஒரே அறையில் விடாதீர்கள். பகலில் இரண்டும் ஒரே முற்றத்தில் திரியலாம், அதில் லாபம்கூட உண்டு. இரவுப் படுக்கை, தீவனம், தண்ணீர் ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். உங்கள் அளவுக் கொட்டகையிலேயே இதைச் செய்ய முடியும்.

நோயையும் மிதிபடுவதையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கவலைதான், இரண்டுக்கும் கீழே வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் இந்தக் கூட்டு வளர்ப்பில் ஆட்டுக்குப் பெரிய ஆபத்து. அது கோழித் தீவனம்.

கணக்குப் பாருங்கள். முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். பன்னிரண்டு கோழிக்கு 1.2 முதல் 1.4 கிலோ வரை ஆகும். அதைக் காலையில் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டு நாம் வேறு வேலைக்குப் போய்விடுவோம். கோழி அதை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தும். ஆடு வாயை வைத்தால் சில நிமிடத்தில் தொட்டி காலி. தனக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஆட்டுக்குத் தெரியும் என்பார்கள். தழை விஷயத்தில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். தானியம் என்று வந்துவிட்டால் ஆட்டுக்கு நிதானமே கிடையாது.

ஆட்டின் முதல் வயிற்றில், அதாவது அசைபோடுவதற்காகத் தீவனம் தங்கும் பெரிய அறையில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தழையிலும் வைக்கோலிலும் உள்ள நார்ச்சத்தை அவைதான் உடைத்துக் கொடுக்கின்றன. பழக்கமில்லாத அளவு மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால், அதைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகிவிடும். வயிற்றின் அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும், அது 5.5-க்குக் கீழே இறங்கும். நார் செரிக்கும் கூட்டம் சாகும், வயிறு வேலையை நிறுத்தும், அமிலம் இரத்தத்தில் ஏறும். ஒன்றிரண்டு நாளில் ஆடு போய்விடலாம். கோழித் தீவனம் மாவாகவோ குருணையாகவோ அரைத்து வருவதால் முழுத் தானியத்தைவிட வேகமாகப் புளிக்கும்.

பிழைத்த ஆட்டுக்கும் இன்னொரு கண்டம் உண்டு. முதல் வயிற்றில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து குடலுக்குப் போய்ச் சேரும்போது, அங்கே எப்போதும் கொஞ்சமாக வாழும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா வெறியோடு பெருகி நஞ்சைச் சுரக்கும். துள்ளுமாரி நோய் என்று சொல்வது இதைத்தான். கொழுகொழுவென்று நன்றாகத் தின்று வளரும் குட்டிகளைத்தான் இது பெரும்பாலும் அடிக்கும். தடுப்பூசி இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஆனால் தடுப்பூசி போட்டாயிற்று என்று தீவன அறைக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். அமில நோய்க்குத் தடுப்பூசி இல்லை.

இதெல்லாம் ஒரே நாளில் நிறையத் தின்றால் நடப்பது. தினமும் கொஞ்சம் திருடித் தின்றாலும் சிக்கல்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். ஆட்டின் மொத்த உணவில் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தாண்ட வேண்டியதில்லை. தானியமும் தாது உப்பும் இப்படி ஏறுக்குமாறாக உள்ளே போனால் சிறுநீரில் கல் உண்டாகும். பெட்டை ஆடு பெரும்பாலும் தப்பித்துவிடும். கிடாவின் சிறுநீர்க் குழாய் நீளமானது, குறுகலானது, நடுவில் வளைந்து திரும்புவது; அங்கே ஒரு சிறு கல் சிக்கினால் போதும். விரை நீக்கிய கிடாக்களுக்கு, அதிலும் சின்ன வயதிலேயே நீக்கியவற்றுக்கு, ஆபத்து இன்னும் கூடுதல். கிடா முக்கிக்கொண்டே நின்று சொட்டுச் சொட்டாக விட்டால் மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

அப்புறம் மருந்து கலந்த தீவனம். இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் மோனென்சின் போன்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. அமெரிக்க விதிகளின்படி ஆட்டுத் தீவனத்தில் டன்னுக்கு 20 கிராம் மோனென்சின் சேர்க்கலாம். கறிக்கோழித் தீவனத்திலோ 90 முதல் 110 கிராம் வரை. அதாவது கோழிக்குச் சரியான அளவு ஆட்டுக்கு நாலைந்து மடங்கு. குதிரையோ கழுதையோ வைத்திருந்தால் அந்த மூட்டையைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், அவற்றுக்கு அது கொடிய விஷம். இன்னொன்று, கோழித் தீவனத்தில் இறைச்சித் தூள், எலும்புத் தூள் இருக்கலாம். மாடுகளின் மூளையைத் தாக்கும் பித்துமாட்டு நோய் பரவிய பிறகு பல நாடுகள் அசைபோடும் விலங்குகளுக்கு இதைக் கொடுப்பதைத் தடை செய்திருக்கின்றன. பிரிட்டன் 1988-லும் அமெரிக்கா 1997-லும் தடை கொண்டுவந்தன. திருடித் தின்றாலும் தின்றதுதான்.

கோழி ஆட்டுத் தீவனத்தைத் தின்றால் இவ்வளவு ஆபத்து இல்லை. அதில் கோழிக்கு வேண்டிய சுண்ணாம்பும் புரதமும் போதாது என்பதால் முட்டை குறையும், ஓடு மெலியும். உப்புத்தூள் கலந்த தாதுக் கலவையை மட்டும் கோழிக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதிக உப்பு கோழிக்கு ஆகாது.

ஆகவே கொட்டகையைத் தீவனத்தை வைத்துத் திட்டமிடுங்கள். விலங்குகளை எங்கே படுக்க வைப்பது என்று முதலில் யோசித்தால் தீவனம் கடைசியில் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விடும், அந்த மூலையை ஆடு கண்டுபிடித்துவிடும். 16 அடி நீளத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு கோடியில் 9 அடி ஆட்டுக்கு, மறு கோடியில் 4 அடி கோழிக்கு, நடுவில் 3 அடி நடைபாதை. தீவன டிரம்கள், வாளி, கருவிகள் எல்லாம் நடைபாதையில். நீங்கள் நுழைவதும் அங்கேதான். இரண்டு பக்கத்துக்கும் அங்கிருந்தே கதவு.

இந்த அளவு சரிப்படுமா? கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி இருந்தால் நெருக்கமில்லாமல் இருக்கும். 4 அடிக்கு 12 அடி என்றால் 48 சதுர அடி, பன்னிரண்டு கோழிக்குக் கச்சிதம். ஆடு ஒன்றுக்கு 20 சதுர அடி என்று வைத்தால் மூன்றுக்கு 60. உங்களிடம் 108 இருக்கிறது. மீதியில் 5 அடிக்கு 5 அடி ஒரு தட்டி அடைப்பைக் குட்டி ஈனும் அறையாக ஒதுக்கிக்கொள்ளலாம். ஆடு பெருகினால் இடம் போதாமல் போகும், அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்கு வெளியே நடமாடும் இடம் தனி. இந்தக் கணக்கு இரவுக்கும் அடைமழைக்கும் மட்டும்தான்.

ஆட்டுப் பக்கத் தடுப்பு கீழே நாலடி வரை பலகையாகவோ சுவராகவோ இருக்கட்டும், மேலே கம்பி வலை. கோழி வலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலையை ஆட்டுப் பக்கம் அடிக்காதீர்கள். ஆடு அதில் முதுகைத் தேய்க்கும், முன்காலை வைத்து ஏறும், ஒரு மாதத்தில் வலை தொங்கும். பற்றவைத்த கம்பி வலைதான் தாங்கும். கண் பெரிதாக இருந்தால் கொம்புள்ள ஆடு தலையை நுழைத்துவிட்டு எடுக்கத் தெரியாமல் நிற்கும், அதனால் சின்னக் கண்ணாக வாங்குங்கள். கோழிப் பக்கத்து வெளிச்சுவருக்கு அரை அங்குலக் கண் வலை வேண்டும். அது ஆட்டுக்காக இல்லை. கீரிக்கும் பாம்புக்கும் எலிக்கும்.

கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டின் மேலுதடு கிட்டத்தட்ட ஒரு விரல் மாதிரி வேலை செய்யும். சாதாரணத் தாழ்ப்பாளைச் சில நாளில் படித்துவிடும். ஒரே அசைவில் திறக்கும் எதுவும் ஆகாது. அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டிய கொக்கி, அல்லது தாழ்ப்பாளின் மேல் ஒரு சங்கிலிக் கொக்கி என்று இரண்டு அடுக்காக வையுங்கள். கதவு தாண்டி வந்தாலும் தீவனம் கிடைக்காதபடி டிரம்மின் மூடி இறுக்கிப் பூட்டுவதாக இருக்கட்டும். எலிக்கும் அதுவே வைத்தியம். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் சால்மொனெல்லா என்ற குடல் கிருமியும் கூடவே வரும்.

கோழிகள் வெளியே போகவும் வரவும் ஒரு சின்ன வாசல் வைப்பீர்கள், ஒரு அடி அகலம், ஒரு அடிக்குச் சற்று மேல் உயரம். பெரிய ஆடு அதில் நுழையாது. ஆனால் குட்டி நுழையும். கோழி போகிற இடத்துக்கெல்லாம் ஆட்டுக்குட்டி போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசலைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு ஒல்லியான கம்பு மட்டும் கட்டினால் கோழி தாவி ஏறிக்கொள்ளும், குட்டிக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. கனத்த இனக் கோழிகளுக்கு இது கஷ்டம். அவற்றுக்கு வாசலைத் தாழ்வாக வைத்து, முன்னால் குட்டி புக முடியாத அளவு இடைவெளி விட்டுச் செங்குத்துக் கம்பிகள் நடலாம். எப்படி இருந்தாலும் தீவனத் தொட்டியை வாசலிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். பெரிய ஆடு தலையையும் கழுத்தையும் உள்ளே விட்டுப் பார்க்காமல் இருக்காது.

கோழித் தீவனம் கோழி அறைக்குள் மட்டும்தான். முற்றத்தில் தானியம் தூவும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அல்லது ஆடுகளை அடைத்திருக்கும் நேரத்தில் கொத்தி முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள்.

இனி கோழிகள் அடையும் கம்பு. பிரித்துக் கட்டாமல் விட்டால் கோழி எங்கே அடையும்? கொட்டகையிலேயே உயரமான இடத்தில். அதாவது உத்தரத்தின் மேல், ஆட்டின் தழைக் கூடைக்கு நேர் மேலே. கோழி இரவில்தான் நிறைய எச்சமிடும். காலையில் பார்த்தால் தழையும் தண்ணீரும் ஆட்டின் முதுகும் வெள்ளையாகக் கிடக்கும். சில கோழிகள் ஆட்டின் முதுகிலேயே படுத்துக்கொள்ளும். பார்க்க வேடிக்கைதான், ஆட்டின் ரோமத்துக்காக வளர்ப்பவர்களுக்கு வேடிக்கை இல்லை. எச்சம் பட்ட தழையை ஆடு தொடாது. அதனால் வரும் வீண் செலவு, நீங்கள் தடுப்புக் கட்டச் செலவழிப்பதைவிட ஓராண்டுக்குள் கூடிவிடும் என்பது என் எண்ணம்.

கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கம்பு வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்தடிக் கம்பு ஒன்று போதும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில், எச்சம் விழுந்து சேர அடியில் ஒரு பலகை. முட்டையிடும் பெட்டிகள் மூன்று, கம்பைவிடத் தாழ்வாக. பெட்டி உயரமாக இருந்தால் கோழிகள் அதற்குள்ளேயே தூங்கி எச்சமிடும். பகலில் சில கோழிகள் உங்கள் பெட்டியை மதிக்காமல் ஆட்டின் வைக்கோலில் முட்டையிடப் போகும். ஆட்டுப் பக்கக் கதவை முற்பகலில் சாத்தி வைத்தால் அந்தப் பழக்கம் நிற்கும்.

பரண் போட்டு ஆட்டை மேலே விட்டு, அடியில் கோழியை அடைக்கலாமே என்று பலர் யோசிப்பார்கள். இடம் மிச்சம், புழுக்கையைக் கோழி கிளறிவிடும், காகிதத்தில் அருமையான திட்டம். நடப்பில் புழுக்கை மட்டும் விழாது, சிறுநீரும் விழும். கோழி நாள் முழுக்க நனைந்த தரையில், அமோனியா நெடியில் நிற்கும். ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் கிருமி கொழிக்கும். பரண் ஆட்டுக்கு நல்லதுதான், ஈரமான ஊர்களில் நான் அதைத்தான் சொல்வேன். பலகை இடைவெளி ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் புழுக்கை விழும், குட்டியின் குளம்பு சிக்காது. அடியில் பகலில் சில மணி நேரம் கோழிகள் போய்க் கிளறிவிட்டு வரட்டும். இரவு அங்கே அடைக்க வேண்டாம்.

காற்று விஷயத்தில் இரண்டு விலங்கும் எதிரெதிர் பாவத்தைச் செய்கின்றன. ஆடு மூச்சிலும் சிறுநீரிலும் ஈரத்தைக் கூட்டுகிறது. கோழி எச்சமும் தூசியும் போடுகிறது. எச்சத்தில் ஈரம் சேர்ந்தால் அமோனியா. அது மூச்சுக்குழாயை அரித்த பிறகு ஆட்டுக்குச் சளிக் காய்ச்சல் வருவது எளிது, கோழிக்குக் கண் எரிச்சலும் மூச்சு நோயும். கோழி வளர்ப்பில் காற்றில் அமோனியா 25 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது தாண்டக்கூடாத வரம்பாகச் சொல்லப்படுகிறது. கருவி எதுவும் வேண்டாம்: விடியற்காலையில் கதவைத் திறந்ததும் குத்துக்கால் வைத்து உட்காருங்கள், ஆடு படுக்கும் உயரத்தில் உங்கள் மூக்கு இருக்கட்டும். நெடி தெரிந்தால் படுக்கையை மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. கூரைக்கு அடியில் சுற்றிலும் ஒரு அடி திறப்பு விட்டு வலை அடியுங்கள். குளிர் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுவதுதான் பலர் செய்வது. உலர்ந்த படுக்கையில் இருக்கும் ஆடும் கோழியும் குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. குஞ்சுகளுக்கு வெப்ப விளக்கு தொங்கவிடுவதாக இருந்தால் இந்தக் கொட்டகையில் வேண்டாம். வைக்கோல், தூசி, கயிற்றைக் கடிக்கும் ஆடு என்று தீப்பிடிக்க வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது.

தண்ணீர் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். கோழி வாளி விளிம்பில் ஏறி நிற்கும், உள்ளே எச்சமிடும், ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஆடு தண்ணீர் குறைத்தால் பால் குறையும், முன்னே சொன்ன சிறுநீர்க் கல் வேகம் பிடிக்கும். ஆட்டின் வாளியைத் தடுப்புக்கு வெளியே நடைபாதைப் பக்கம் மாட்டி, ஆடு தலையை மட்டும் நீட்டிக் குடிக்கும்படி ஒரு திறப்பு வையுங்கள். கோழிக்கு, கொத்தினால் சொட்டும் முனையுள்ள குழாய். முற்றத்தில் ஆட்டுத் தொட்டி இருந்தால் குஞ்சு விழுந்தால் ஏறிவர உள்ளே ஒரு கல்லைப் போடுங்கள்.

இப்போது நோய். முதலில் வீண் பயம் ஒன்றைத் தள்ளிவிடலாம். கோழிக்கும் இரத்தக் கழிச்சல் வருகிறது, ஆட்டுக்குட்டிக்கும் வருகிறது, இரண்டுக்கும் காரணம் ஐமீரியா என்ற ஒரே பேரினத்து ஒட்டுண்ணி. ஆனால் கோழியைத் தாக்கும் வகைகள் ஆட்டைத் தாக்காது, ஆட்டுடையது கோழியைத் தாக்காது. ஒரே சமயத்தில் இரண்டுக்கும் வந்தால் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றியது என்று பொருள் இல்லை. உங்கள் தரை ஈரமாக இருக்கிறது என்று பொருள். பேன்களும் அப்படியே, கோழிப் பேன் ஆட்டில் குடியேறாது. பகலில் விரிசலுக்குள் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் கோழிச் செள் மட்டும் பசித்தால் பக்கத்தில் யார் இருந்தாலும் கடிக்கும், உங்களையும் சேர்த்து.

உண்மையாகவே பகிரப்படுபவை சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற குடல் கிருமிகள். கோழிகள் வாட்டமே காட்டாமல் இவற்றைச் சுமக்கும். எச்சம் தழையிலும் தண்ணீரிலும் விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி தீர்ந்தது. பால் கறக்கும் இடத்துக்குள் மட்டும் கோழி எந்த நேரத்திலும் வரக் கூடாது. பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வீடாக இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

பறவைக் காய்ச்சல் ஆட்டுக்கு வராது என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பண்ணையில் ஆட்டுக்குட்டிகளுக்கு எச்5என்1 என்ற வகைப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அதே பண்ணையின் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் அதற்கு முன்பே நோய் கண்டிருந்தது. ஆடுகள் அந்தப் பறவைகளோடு ஒரே மேய்ச்சலையும் ஒரே தண்ணீரையும் பகிர்ந்திருந்தன. அந்த நாட்டில் வளர்ப்பு அசைபோடும் விலங்கு ஒன்றில் இது தெரிந்தது அதுவே முதல் முறை. இதற்காக யாரும் கோழியை விற்றுவிட வேண்டாம். ஆனால் சுற்றுவட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அன்றே முற்றத்தையும் பிரித்துவிடுங்கள். காட்டு வாத்துகள் இறங்கும் குளம் பக்கத்தில் இருந்தால் எப்போதுமே பிரித்து வைப்பது நல்லது.

அதிகம் பேசப்படாத ஒன்று போட்டுலிசம். செத்த கோழி ஒன்று படுக்கைக் குப்பையில் புதைந்து அழுகினால் அதில் உண்டாகும் நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே ஆடு மாடுகளை வாதத்தில் படுக்க வைத்துவிடும். கோழிக் குப்பையை அப்படியே மேய்ச்சல் நிலத்தில் கொட்டி, பிறகு அங்கே மேய விட்டதால் கால்நடைகள் செத்தது பல நாடுகளில் நடந்திருக்கிறது. தினமும் மாலையில் கோழியை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் தேடுங்கள், செத்ததை அன்றே அப்புறப்படுத்துங்கள். கோழிக் குப்பை நன்றாக மட்கிய பிறகு காய்கறித் தோட்டத்துக்குப் போகட்டும், ஆடு மேயும் இடத்துக்கு வேண்டாம்.

மிதிபடுவதைக் கேட்டிருந்தீர்கள். வளர்ந்த கோழி சுதாரித்துக்கொள்ளும். குஞ்சுகளும் தரையில் அடை உட்கார்ந்த கோழியும்தான் மிதிபடும், அதுவும் நெருக்கடியில். அடைக்கோழியையும் குஞ்சுகளையும் தனிக் கூண்டில் வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. மறுபுறத்தை யாரும் கேட்பதில்லை: கோழியும் ஆட்டுக்குத் தொல்லை கொடுக்கும். சிவப்பாக, ஈரமாக எது தெரிந்தாலும் கோழி கொத்தும். ஈனும் ஆட்டின் பின்புறம், நஞ்சுக்கொடி, பிறந்த குட்டியின் தொப்புள், கொம்பு சுட்ட புண் எதையும் விடாது. ஈனும் அறை மேலே வரை வலை போட்டு மூடியதாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, பகலில் ஏன் சேர்த்து விடச் சொல்கிறேன்? ஆடு சிந்திய தீவனத்தைக் கோழி பொறுக்கிவிடும், எலிக்கு மிச்சமிருக்காது. புழுக்கைக் குவியலைக் கிளறி ஈப்புழுவைத் தின்னும். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து கூட்டுப்புழுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். அதற்குள் கோழிகளை அந்த இடத்தில் விட்டால் ஈத்தொல்லை கண்கூடாகக் குறையும். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து மேய்ப்பவர்கள் ஆடு நகர்ந்து மூன்று நாலு நாள் கழித்து அங்கே கோழியை விடுவது இதற்காகத்தான். கோழி ஆட்டின் குடற்புழுவையும் ஒழித்துவிடும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் புழுவின் இளம்பருவம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, புல்லின் ஈரத்தில் ஏறி நிற்பது. கோழி கிளறினால் வறண்ட காலத்தில் காய்ந்து கொஞ்சம் சாகலாம். மழைக்காலத்தில் பரவத்தான் செய்யும். குடற்புழு மருந்தும் மேய்ச்சல் சுழற்சியும் வழக்கம்போலத் தொடரட்டும். மருந்து ஊற்றும்போது சிந்தியதைக் கோழி கொத்தவிடாதீர்கள், முட்டையில் மருந்தின் மிச்சம் வரும்.

ஆடு கோழிக்குக் காவல் இருக்கும் என்பதும் நடக்காது. நாய் வந்தால் ஆடுதான் முதலில் ஓடும். கோழிகளுக்காக விற்கும் மின்வலையைக் கொம்புள்ள ஆடு திரியும் இடத்தில் போடாதீர்கள், கொம்பு சிக்கினால் ஆடு அதிலேயே மாட்டிச் சாகும்.

கடைசியாக, எவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு நாள் கதவு திறந்து கிடந்து, தொட்டி காலியாக, ஆடு பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வது? அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். அப்போதே கால்நடை மருத்துவரை அழையுங்கள். என்ன தீவனம், தோராயமாக எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மூட்டையின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் மருந்து கலந்ததா என்பதும் தெரிந்துவிடும், அதனால் சீட்டைக் கிழித்தெறியாமல் டிரம்மில் ஒட்டி வையுங்கள். மிச்சத் தீவனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காய்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது முதலுதவியாகச் செய்வதுதான், ஆனால் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். படுத்துவிட்ட, விழுங்கத் தெம்பில்லாத ஆட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பல்லை நறநறவென்று கடிப்பது, அசைபோடுவதை நிறுத்துவது, இடது விலா பக்கம் உப்புவது, தண்ணீராகக் கழிவது, தள்ளாடுவது: இவை பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதனால் அன்று மாலை நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாமல், இரவில் இரண்டு முறையாவது விளக்கோடு போய்ப் பாருங்கள்.